‘முன்ன பின்ன எவ்ளோ?’ என்று அணு உலையைக் கேட்ட ஜெயந்திமாலா அம்மையாருக்கு

அணுவுக்குள் நுழைந்த அறிவும், அன்புக்குள் நனைந்த அகமும் ஒருசேர அமையப்பெற்ற அருமை அம்மையே! கணக்கில் கண்டிப்பும் கண்களில் கனிவும் கைகோத்து வர, கல்லூரிப் படிகளைக் களைப்பின்றி ஏறிவந்த கல்விச் செல்வியே! மலையடிவாரத்து மாணவர் மனங்களில் மதிப்பெண்ணைவிட மேலான மதிப்பு ஒன்றை விதைத்த மாண்புடையீர்! இயற்பியல் துறைத் தலைவர், முனைவர் ஜெயந்திமாலா அவர்களே! பணி நிறைவு காணும் இந்தப் பொன்னான பொழுதில் துறையினர் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இதற்கு மேல் இன்னும் நான்கு பக்கத்துக்கு அடைமொழிகளைத் தமிழ்த்துறை குமரேசன் ஐயா ஆயத்தமாக வைத்திருந்தார். அவற்றுள் ‘அறிவுக் கடலே’ என்பதும் ஒன்று. “கடல்னா ஆழம் எந்த எடத்துல அளந்தீங்கன்னு மேடம் கேப்பாங்களே சார்” என்று எங்கள் உதவிப் பேராசிரியர் விமல்ராஜ் சொன்னதும், ஐயாவே சிரித்துக்கொண்டு அந்த வரியை அடித்துவிட்டார். நேருக்கு நேர் புகழ்ந்தால் அம்மையார் கூச்சப்பட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். ஆகவே, அவையோரே, அவரை அந்த நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறோம். சென்ற ஆண்டு அவருக்கு நேர்ந்ததை உங்களுக்குச் சொல்கிறோம். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், நெல்லும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளைவிக்கிற ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தவர் ஜெயந்திமாலா. அணுக்கரு இயற்பியலில் பட்டம் பெற்று அதே மண்ணுக்குத் திரும்பிவந்தவர். பெருநகரங்களிலிருந்து அழைப்புகள் வந்தபோதெல்லாம் “இங்க இன்னா கொறச்சல்?” என்ற ஒரே கேள்வியில் அவற்றை ஒதுக்கிவைத்தவர். பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பை ஊரிலும் வெளியூரிலும் விடாதவர். ஆய்வகத்தில் எந்த மாணவர் எந்த எண்ணைக் கொண்டுவந்து நீட்டினாலும், அது சரியா தவறா என்று முதலில் சொல்லமாட்டார். “முன்ன பின்ன எவ்ளோ?” என்றுதான் கேட்பார். அளந்த எண் எவ்வளவு தவறக்கூடும் என்று சொல்லாதவன் பாதிதான் அளந்திருக்கிறான் என்பது அவர் கொள்கை. இந்தக் கேள்விக்கு அஞ்சி ஆய்வக வாசலிலேயே நின்று கணக்குப் போட்டவர்கள், இன்று இந்த அரங்கில் குழந்தை குட்டிகளோடு அமர்ந்திருக்கிறீர்கள். மறைக்க வேண்டாம்!

அந்தக் கேள்விதான் அவருடைய ஆராய்ச்சியும். இயற்பியல் படிக்காத உறவினர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறோம். அணு உலைக்குள் யுரேனியம் பிளக்கும்போது நியூட்ரான்கள் பிறக்கின்றன. அவற்றில் சில வெளியே தப்பிப் போகின்றன, சில விழுங்கப்படுகின்றன, சில அடுத்த அணுவைப் பிளக்கின்றன. ஒரு தலைமுறை நியூட்ரான்கள் மறையும்போது அதே எண்ணிக்கையில் அடுத்த தலைமுறை பிறந்துவிட்டால், உலை வெளியார் துணையின்றித் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். அந்த நிலைக்கு மாறுநிலை என்று பெயர். எத்தனை கட்டு எரிபொருள் வைத்தால் மாறுநிலை வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். அதற்கு யுரேனியம் எவ்வளவு விழுங்கும், சுற்றுச்சுவர் எவ்வளவு திருப்பியனுப்பும் என்ற தரவுகள் வேண்டும். அவை உலகெங்கும் அளந்து தொகுக்கப்பட்ட எண்கள். அளந்த எண் என்றால் அதில் பிழைவரம்பு உண்டு. தரவில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறுபிழை, கணக்கின் கடைசி வரியில் எத்தனை பெரிதாக வந்து நிற்கும் என்பதைத்தான் அம்மையார் ஆயுள் முழுதும் ஆராய்ந்தார்.

கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அங்கே மருத்துவமனைகளுக்குக் கதிரியக்க மருந்துப்பொருள் தயாரிக்கும் சிறிய ஆய்வு உலை ஒன்று. பழைய எரிபொருளை எடுத்துவிட்டுப் புதுவகை எரிபொருளை வைக்க முடிவு செய்தார்கள். தப்பியோடும் நியூட்ரான்களை உள்ளே திருப்பியனுப்பப் புதிதாகப் பெரிலியம் என்னும் உலோகத்தால் சுவர் எழுப்பினார்கள். கணக்குக் குழுவின் தலைவர் சக்கரவர்த்தி, வேலூர்க்காரர். கலகலவென்று பேசுவார், கணக்கில் கெட்டிக்காரர். அவர் குழு போட்ட கணக்கை வெளியார் ஒருவர் தனியே போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அந்தப் பொறுப்பு நம் துறைக்கு வந்தது. அம்மையாரும் விமல்ராஜும் உழைத்து விடை கண்டார்கள். முப்பத்துநான்கு கட்டுகளில் உலை மாறுநிலைக்கு வரும். ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். சக்கரவர்த்தியின் விடையும் அதுவே. அறிக்கையில் அம்மையார் கையெழுத்திட்டார். முப்பத்திரண்டு வரை நான்கு நான்காக வைத்து, அதன்பின் ஒவ்வொன்றாக வைப்பது என்று திட்டம் தீட்டினார்கள். பெரியவர்களை அழைத்து, அவர்கள் முன்னிலையில் உலையை எழுப்ப நாளும் குறித்தார்கள். அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் அணுக்கருத் தரவுத் தொகுப்பின் புதிய பதிப்பு வெளியானது. பெரிலியத்தை மறுபடி அளந்த அறிஞர்கள், பழைய தொகுப்பில் சொன்ன பிழைவரம்பு மிகக் குறுகலானது, உண்மையில் அது பல மடங்கு பெரியது என்று எழுதியிருந்தார்கள். விமல்ராஜ் ஓர் ஆர்வத்தில் புதிய தரவை வைத்துக் கணக்கை ஓட்டினார். விடையைப் பார்த்ததும் அம்மையாரின் அறைக்கு ஓடிவந்தார்.

“மேடம், நடு எண் அதே முப்பத்துநாலுதான். ஆனா முன்ன பின்ன நாலு வருது. நான் எங்கனா தப்பு பண்ணிட்டேனா பாருங்க.”

“இன்னொரு தபா ஓட்டுங்க விமல்.”

ஓட்டினார். அதே விடை. தரவுகளை அம்மையாரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அதன்பின்னும் அதே விடை. முப்பதிலேயே மாறுநிலை வரலாம், நான்கு நான்காக வைத்தால் தெரியாமலே அதைத் தாண்டிவிடுவார்கள். முப்பத்தெட்டு வரை போகவும் செய்யலாம். செய்துவைத்திருந்த கட்டுகளோ முப்பத்தாறுதான்!

அன்று அம்மையார் கணக்குத் தாள்களோடு வீட்டுக்குப் போனார். யாரும் இதை இன்னும் கவனிக்கவில்லை. புதிய தொகுப்பைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சும்மா இருந்தால் விழா நடக்கும், பெயரும் கிடைக்கும். சொன்னால், தான் கையெழுத்திட்ட அறிக்கையைத் தானே பொய்யாக்கியதாக ஆகும். ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போது இப்படி ஒரு சோதனையா என்று அவர் மனம் குமைந்தது. மறுநாள் காலை, உப்புமாவைத் தொடாமல் அமர்ந்திருந்தவரிடம் கணவர் சுதர்சன் கேட்டார்.

“இன்னா, நேத்துலர்ந்து யோசிச்சிகினே இருக்கற?”

அம்மையார் எல்லாவற்றையும் சொன்னார். செங்கம் சாலையில் விதைக்கடை வைத்திருக்கும் சுதர்சனுக்குப் பெரிலியம் தெரியாது. மனைவியைத் தெரியும்.

“சொல்லாம உட்டா நீ நிம்மதியா இருப்பியா?”

“இருக்கமாட்டேன்.”

“அப்ப போய் சொல்லிட்டு வா. திட்டுனா திட்டட்டும். உப்புமா ஆறுது பாரு.”

அம்மையார் உப்புமாவை உண்டார். உண்டு முடித்ததும் ஆராய்ச்சி நிலையத்தின் பாதுகாப்புக் குழுத் தலைவர் கீதாஞ்சலியைத் தொலைபேசியில் அழைத்து, அவசரக் கூட்டம் வேண்டும் என்று கேட்டார்.

கூட்டம் வாய்த்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருக்க, ஊரைவிட்டு வெளியே போகும் பேருந்தில் அம்மையாருக்குச் சன்னலோர இருக்கையே கிடைத்தது. பேருந்தில் போனவர் அவரும் விமல்ராஜும் இன்னும் சிலரும்தான். வழியெல்லாம் அம்மையார் தன் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. “கணக்குல பயம் இல்ல விமல். அவங்க மூஞ்சப் பாக்கறதுக்குத்தான் பயமா இருக்குது” என்றார்.

முகங்களும் அப்படித்தான் இருந்தன. அம்மையார் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே சக்கரவர்த்தி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“மேடம், ஒண்ணு முன்ன பின்னன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? இப்ப நாலுங்கறீங்க! புதுசா அளந்தா சந்தேகம் கம்மியாவணும். உங்களுக்கு மட்டும் ஜாஸ்தியாவுதா?”

“சந்தேகம் எப்பவுமே அவ்ளோதாங்க இருந்துது. கம்மியா இருக்குதுன்னு நாம நெனச்சிகினு இருந்தோம்.”

“அழைப்பிதழ் எல்லாம் போயிடுச்சு மேடம். ஆளுங்களைக் கூப்பிட்டாச்சு. நான் போய் இன்னான்னு சொல்லுவேன்?”

“ஜெயந்திமாலா தன்னோட அறிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. எம் பேரையே சொல்லுங்க. அதான் நெஜம்.”

கீதாஞ்சலி நிதானமாகக் கேட்டார்.

“நீங்க சொல்றது சரின்னா நாங்க இன்னா பண்ணணும் மேடம்?”

“இருவத்தெட்டு வரைக்கும் நாலு நாலா வைங்க. அதுக்கு மேல ஒவ்வொண்ணா வெச்சு, ஒவ்வொரு தபாவும் எண்ணிப் பாருங்க. மேல் பக்கம் போச்சுன்னா கட்டு பத்தாது. இன்னும் ரெண்டு செஞ்சு வெச்சிக்குங்க. விருந்தாளிங்களை உலை எழுந்தப்பறம் கூப்பிடுங்க. அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

கீதாஞ்சலி சக்கரவர்த்தியின் பக்கம் திரும்பினார். “உங்க குழுவால இந்தக் கணக்கை மறுக்க முடியுமா?”

சக்கரவர்த்தி அம்மையாரின் தாள்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு அமர்ந்தார். “கணக்கை மறுக்க முடியலீங்க. கோவம்தான் வருது.”

அந்த நேர்மையைக் கேட்டு முதலில் சிரித்தவர் அம்மையார்தான். அதன்பின் எல்லாரும் சிரித்தார்கள். விழா தள்ளிவைக்கப்பட்டது.

அன்று பிற்பகல் திரும்பி வந்தபோது, பேருந்து ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. ஆட்டோவும் இல்லை. மலையைச் சுற்றக் கிளம்பிய கூட்டம் மொத்தமும் எதிரே வர, அம்மையார் தோளில் பையோடு விலகி விலகி நடந்தார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே! சாலையோரக் கடையில் நின்றபடியே இட்லி வாங்கித் தின்றார். விமல்ராஜ் பார்த்துக்கொண்டே நின்றார். இத்தனை வருடத்தில் மேடம் இப்படிச் சட்னி வழிய வழியச் சிரித்துக்கொண்டு தின்று அவர் கண்டதில்லையாம். “திட்டு வாங்கினவங்க மாதிரியே தெரியலயே மேடம்” என்றாராம். “வாங்கறதுக்கு முந்திதான் பயம். வாங்கியாச்சு, பசிக்குது” என்றாராம் அம்மையார்.

எரிபொருள் வைக்கும் நாள் வந்தது. அழைப்பின்பேரில் அம்மையாரும் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஓரமாக அமர்ந்தார். இருபத்தெட்டு கட்டுகள் வைத்தாயிற்று. நியூட்ரான்களை எண்ணும் கருவி நிதானமாக டிக், டிக் என்றது. இருபத்தொன்பதாவது கட்டு இறங்கியதும் ஒலி விரைந்தது. முப்பதாவதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொட்டியது. சக்கரவர்த்தி வரைபடத்தைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அம்மையாருக்கோ, தான் சொன்ன வரம்புக்குள் இருக்கிறது என்ற தெம்பு ஒரு பக்கம், அதன் விளிம்பில் நிற்கிறதே என்ற திகில் மறுபக்கம்.

முப்பத்தொன்றாவது கட்டை வைத்தார்கள். நியூட்ரான்களை விழுங்கி உலையைக் கட்டுப்படுத்தும் தண்டை இழை இழையாக உயர்த்தினார்கள். எண்ணிக்கை ஏறியது. தண்டை நிறுத்தினார்கள். எண்ணிக்கை நிற்கவில்லை. தானாகவே, சீராக, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. உலையை இயக்கியவர் தண்டைச் சற்று இறக்க, கோடு நேராகி நிலைத்தது. உலை எழுந்துவிட்டது! எதிர்பார்த்ததைவிட மூன்று கட்டுகள் முன்னதாகவே எழுந்துவிட்டது!

அறையெங்கும் ஆரவாரம். சக்கரவர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மையாரிடம் வந்தார்.

“மேடம், பழைய திட்டத்துல போயிருந்தா இருவத்தெட்டுலர்ந்து நேரா முப்பத்திரெண்டு...”

“உலையை அணைக்கற பாதுகாப்புத் தண்டு தானா விழுந்திருக்கும். எண்ணிக்கை ஏறுறதப் பார்த்தே நீங்க நிறுத்தியிருப்பீங்க.”

“நிறுத்தியிருப்போம். விருந்தாளிங்க அத்தனை பேர் முன்னாடி நிறுத்தியிருப்போம். அப்பறம் விசாரணைன்னு வந்து உலையையே ரெண்டு வருசம் பூட்டி வெச்சிருப்பாங்க.”

அதற்கு அம்மையார் சொன்ன பதிலைத்தான், அவையோரே, நீங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். வெற்றி பெற்றவர் பேசும் பேச்சாக அது இல்லை. வேலை தொடங்கியவர் பேசும் பேச்சாக இருந்தது.

“பெரிலியம் நாம நெனச்சதவிட நல்லாத் திருப்பி அனுப்புது போல. இல்ல, யுரேனியம் கம்மியா முழுங்குதா? எதுன்னு இன்னும் தெரியல. சுவத்துல ஒரு பக்கம் எடுத்துட்டு மறுபடி அளக்க முடியுங்களா?”

சக்கரவர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். அளந்தும் கொடுத்தார். பெரிலியம் சுவரின் ஒவ்வொரு பக்கத்தையும் நீக்கியும் சேர்த்தும், அவர் குழு அளந்து அனுப்பிக்கொண்டே இருந்தது. இங்கே அம்மையாரும் விமல்ராஜும் யுரேனியத்தின் பங்கைத் தனியே, பெரிலியத்தின் பங்கைத் தனியே பிரித்தெடுத்தார்கள். கோபித்துக்கொண்டவரும் கோபத்துக்கு ஆளானவரும் ஒரே கட்டுரையில் அடுத்தடுத்துப் பெயர் போட்டு, தரவுத் தொகுப்பைத் திருத்தும் உலக அறிஞர் குழுவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கேட்ட குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் அம்மையார் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் அமர்ந்து விடை எழுதினார். அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. மாதங்கள் கடந்தன. “வந்தா வரட்டும், இல்லனா நாம தெரிஞ்சிகிட்டோம் இல்ல, அது போதும்” என்று ஆசிரியர் அறையில் அவர் சொன்னபோது, அது போதாது என்பதை அவர் குரலே காட்டிக்கொடுத்தது.

இதற்கிடையில் உலை உழைக்கத் தொடங்கியது. சென்ற தை மாதம் அங்கிருந்து முதல் மருந்துப்பொருள் மருத்துவமனைகளுக்குப் போயிற்று. தள்ளிவைத்த விழாவும் நடந்தது. அழைக்கப்பட்ட பெரியவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அம்மா! இப்போது உங்கள் பக்கம் திரும்புகிறோம். கண்ணாடியைத் துடைத்தது போதும். இனிச் சொல்லப்போவது உங்களுக்கே தெரியாதது.

நேற்று மதியம் விமல்ராஜுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அழைத்தவர் சக்கரவர்த்தி. உலக அறிஞர் குழு உங்கள் அளவீட்டையும் ஆய்வையும் ஏற்றுக்கொண்டது. தரவுத் தொகுப்பின் அடுத்த பதிப்பில் பெரிலியத்தின் எண் திருத்தப்படுகிறது. அதன் பிழைவரம்பு பாதியாகக் குறைகிறது. “அவங்க கிட்ட வாயத் தொறக்காதீங்க விமல். மேடையில எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க” என்று அவர் கேட்டுக்கொண்டார். உங்கள் கண்ணில் படாமல் நேற்றெல்லாம் விமல்ராஜ் ஒளிந்து திரிந்ததற்கு இதுவே காரணம். அவர்மேல் வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

இனி இந்த உலகத்தில் எந்த நாட்டில், எந்த மொழிக்காரர், எந்த ஆய்வு உலைக்குக் கணக்குப் போட்டாலும், அந்த உலைக்குப் பெரிலியம் சுவர் இருக்குமானால், நம் கல்லூரியின் மாடியறையில் நீங்கள் அமர்ந்து திருத்திய எண் அந்தக் கணக்குக்குள் இருக்கும். அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாமல் போகலாம். அவர்கள் உலை அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் எழும்.

தெளிந்த சிந்தையும் தேயாத உடலும், திருமிகு சுதர்சன் அவர்களின் துணையும் தொடர்ந்து அமைய, காலை வெயிலில் நடையும், கைநிறையக் கணக்கும், கண்நிறையத் தூக்கமும் பெற்று, பேரப்பிள்ளைகளும் மாணவப் பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு உங்களைத் தேடிவர, நீடு வாழ்க அம்மையே! நிறைவோடு வாழ்க! வாய்விட்டுச் சிரித்து வாழ்க!

அம்மா, முன்வரிசையில் எழுந்து நிற்பவரைப் பாருங்கள். விடியலில் கடலோரத்திலிருந்து பேருந்து ஏறிவந்திருக்கிறார். மடலை வாசித்து முடித்ததும் முதல் கைதட்டு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். சக்கரவர்த்தி சார், தட்டுங்கள்!

என்றும் உங்கள் அன்பில் திளைக்கும்,
இயற்பியல் துறை ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் அலுவலர்களும்,
திருவண்ணாமலை.